ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு: சிறு பிள்ளைகளோடு உறவினர் வீட்டுக்குப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

திருமணமாகி மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க்குக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. என் கணவரின் பெற்றோரும் அவருடைய ஆயாவும் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறார்கள். இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றே அழைக்கிறார்கள். மதுரைக்காரியான எனக்கு அந்தச் சொல் முதலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளையே நினைவூட்டியது. வேலூர், ஆற்காடு பக்கங்களில் பாட்டிக்கு இன்றும் அதுவே பெயர் என்பதும், 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்டவர்களில் அந்த மாவட்டத்தார் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மூத்த மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவளை முதன்முறையாக அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அலுவலகம் முடிந்து பிற்பகலில் புறப்பட்டு, லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பசியும் தூக்கமும் மிஞ்சிய குழந்தை, தன்னைத் தூக்க வந்த ஆயாவின் முகத்தைக் கண்டு வீறிட்டு அழுதாள். அடுத்த இரண்டு நாளும் அவரிடம் ஒட்டவே இல்லை. ஆறு மாதமாக அந்தக் குழந்தையைக் கையில் வாங்கக் காத்திருந்த மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு இந்தப் பாதையில் இருபது தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் நாங்கள் முதலில் தீர்மானிப்பது, பிள்ளை எந்த நேரத்தில், எந்த நிலையில் அந்த வாசலில் இறங்க வேண்டும் என்பதைத்தான். புறப்படும் நேரம், நிற்கும் இடங்கள், கட்டும் சாப்பாடு எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். ஜோஹானஸ்பர்க் உள்ள கௌடெங் மாகாணத்தில் புதிதாகக் குடியேறி, டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இந்த முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் 16 நல்லிணக்க நாள் விடுமுறை. அதையொட்டிக் கட்டுமானத் தொழில் முழுவதும் ஆண்டு விடுப்பில் போகும், பள்ளிகளும் மூடியிருக்கும், கௌடெங்கில் பாதிப் பேர் கடலை நோக்கிப் புறப்பட்டதுபோல டர்பனுக்குச் செல்லும் என்3 நெடுஞ்சாலை நிரம்பிவிடும். அந்த வாரத்தின் வெள்ளி, சனி இரண்டையும், புத்தாண்டுக்குப் பிந்தைய முதல் வார இறுதியையும், ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமையையும் சிறு பிள்ளையுள்ள குடும்பம் தவிர்ப்பது நல்லது. விடுப்பு கிடைத்தால் செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில் புறப்படுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, பாதையின் நடுவே உள்ள வான் ரீனன் கணவாயில் பனி பெய்யக்கூடும். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் அங்கே கொட்டிய பனியால் நெடுஞ்சாலை மூடப்பட்டு, ஏராளமான வாகனங்கள் இரவு முழுவதும் குளிரில் நின்றன. எனவே குளிர்காலத்தில் வானிலை முன்னறிவிப்பைப் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவும் அன்று காலையும் பாருங்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடருக்குப் பனி எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடத் தயங்க வேண்டாம், உறவினர்கள் புரிந்துகொள்வார்கள்.

காலநிலையைப் போலவே உறவினர் வீட்டின் வழிபாட்டு நாட்காட்டியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்று தளர்ந்துவிட்ட நோன்புகளை இங்குள்ள குடும்பங்கள் ஐந்து, ஆறு தலைமுறைகளாக உறுதியோடு காத்து வருகின்றன. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை புரட்டாசி மாதம் முழுவதும் பல வீடுகளில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசற்படி தாண்டாது. அந்த மாதத்தில் பிள்ளைக்கு அவித்த முட்டையையோ கோழி சான்ட்விச்சையோ கட்டி எடுத்துப்போய் அவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். நான் ஒரு முறை அறியாமல் அப்படிச் செய்துவிட்டேன்; மாமியார் ஒரு சொல்லும் கடிந்து சொல்லாமல் பெட்டியை முழுவதும் கழுவித் துடைத்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளும், தைப்பூசக் காவடியும், மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலின் புனித வெள்ளித் திருவிழாவும் பிள்ளைகள் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அந்த நாட்களில் வீடு விருந்தினரால் நிறைந்திருக்கும். உங்களுக்குத் தனி அறை கிடைக்காது. முதல் தடவை போகும்போது திருவிழா இல்லாத வாரமாகப் பார்த்துப் போனால், பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் ஒருவரையொருவர் அறிய நேரம் கிடைக்கும்.

உறவினரிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது

பத்து நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் பேசுங்கள். எத்தனை பேர், எத்தனை இரவு, பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், வீட்டில் நாய் உண்டா, அந்தப் பகுதியில் குழாயில் தண்ணீர் வராத நாட்கள் உண்டா என்பவற்றைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் வரும் நாளுக்கான சமையலை அவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுவார்கள்.

முகவரியையும் அப்போதே சரியாக எழுதி வாங்குங்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட இந்திய வம்சாவளியினரைக் குடியமர்த்த 1960களில் கட்டப்பட்டது சாட்ஸ்வொர்த். அதன் பகுதிகளுக்கு அன்று ‘யூனிட்’ எண்கள் இட்டார்கள். பெரியவர்கள் இன்றும் எண்ணைச் சொல்லியே வழி சொல்வார்கள். கைபேசி வரைபடமோ வெஸ்ட்கிளிஃப், பேவியூ, அரீனா பார்க் என்று பெயரைத்தான் காட்டும். தெருக்களும் எண்களால் ஒன்றுபோல் இருப்பதால், வீட்டின் அமைவிடத்தையே கைபேசியில் அனுப்பச் சொல்வது மேல்.

வண்டியும் ஆவணங்களும் மருந்தும்

தென்னாப்பிரிக்காவில் 2015 முதல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் ஏற்றினால் குழந்தைகளுக்கான தனி இருக்கையான கார் சீட்டில் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவின் மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி திடீரென்று நின்றால், எவ்வளவு வலுவான கையாலும் ஒரு குழந்தையைப் பிடித்துவைக்க முடியாது. மூன்று வயதைக் கடந்த பிள்ளைக்கும் உயரத்துக்கு ஏற்ற இருக்கையைப் போடுங்கள்; பெரியவர்களுக்கான பட்டை சிறு பிள்ளையின் கழுத்தை அறுக்கும். புதிய இருக்கையை வாங்கினால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கடைக்குப் போகும்போதெல்லாம் அதில் உட்காரவைத்துப் பழக்குங்கள். பழகாத இருக்கையில் முதல் நாளே எட்டு மணி நேரம் உட்காரச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் கொடுமை.

டயர், தண்ணீர், பிரேக், மாற்று டயர் ஆகியவற்றை முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்தின் மூலப் பிரதி கையில் இருக்கட்டும். வழியில் போக்குவரத்துக் காவலர்கள் நிறுத்திக் கேட்பது வழக்கம். விசாவில் இருப்பவர்கள் குடும்பத்தார் அனைவரின் பாஸ்போர்ட் நகலையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கு பிறந்த குழந்தையானால் ‘ரோடு டு ஹெல்த்’ என்ற தடுப்பூசிப் புத்தகம் கட்டாயம் வேண்டும். அவசரத்துக்கு எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை, காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வெப்பமானி, பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றைப் பின்பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். டர்பனிலும் இந்த நெடுஞ்சாலை செல்லும் பகுதிகளிலும் மலேரியா இல்லை, ஆகவே அதற்கான மாத்திரை தேவையில்லை. ஆனால் அங்கிருந்து வடக்கே மொசாம்பிக் எல்லைப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணிமணியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜூலை மாதக் காலையில் இங்கே பற்கள் கிட்டும். அதே நாள் பிற்பகலில் டர்பனில் மெல்லிய சட்டை போதும். கணவாய்ப் பகுதியில் மீண்டும் குளிரும். எனவே ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து கழற்றக்கூடிய துணியைப் போட்டுவிடுங்கள். ஆனால் கம்பளிச் சட்டையோடு கார் சீட்டில் கட்டினால் பட்டை உடலோடு ஒட்டாது. கட்டிய பிறகு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

பயண நாள்

ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பன் சுமார் 570 கிலோமீட்டர். நிற்காமல் போனால் ஆறு மணி நேரம் ஆகும். சிறு பிள்ளைகளோடு எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பலர் அதிகாலை மூன்று மணிக்குத் தூங்கும் குழந்தையை அப்படியே தூக்கி வண்டியில் போட்டுப் புறப்படச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டுபவருக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. விடியலுக்கு முன் ஃப்ரீ ஸ்டேட் சமவெளியிலும் கணவாயிலும் மூடுபனி அடர்ந்திருக்கும். குழந்தையும் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டு நாள் முழுவதும் சிணுங்கும். இரவுப் பயணத்தை, அவசரம் ஒன்று இல்லாத வரை, அறவே தவிருங்கள்.

எங்கள் கணக்கு இதுதான். பிள்ளை மதியத் தூக்கம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, பிற்பகல் மூன்று மணியளவில் அந்த வாசலில் இறங்க வேண்டும். அதற்காகக் காலை ஆறரைக்குப் புறப்படுகிறோம். வால் ஆற்றங்கரையில் உள்ள வில்லியர்ஸ் ஊர் சுமார் 120 கிலோமீட்டர். எட்டு மணிக்கு அங்கே கால் மணி நேரம் நிற்போம். கழிப்பறை, டயப்பர், ஒரு வாய்ப் பால், அவ்வளவுதான். பிறகு ஃப்ரீ ஸ்டேட்டின் நேரான சாலை வரும். பார்க்க ஒன்றும் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் கதையும் பாட்டும் வேண்டும். கைபேசியில் படம் காட்டுவதை அங்கேயே தொடங்கிவிட்டால், பாதை வளையும் இடத்தில் பிள்ளைக்குக் குமட்டல் வரும். நாங்கள் லாரி எண்ணுவோம். சிவப்பு லாரி ஒருத்திக்கு, வெள்ளை லாரி இன்னொருவனுக்கு.

பாதி வழியில் வருவது ஹாரிஸ்மித். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் இங்கே நில்லுங்கள். நெடுஞ்சாலையை ஒட்டியே பெட்ரோல் நிலையங்களும் உணவகங்களும் சுத்தமான கழிப்பறைகளும் உள்ளன. பிள்ளைகள் ஓடட்டும், உட்கார்ந்து சாப்பிடுவதைவிட ஓடுவதுதான் இந்த இடத்தில் முக்கியம். பெட்ரோலை ஊழியர்கள்தாம் போடுவார்கள். கண்ணாடியும் துடைத்துக் கொடுப்பார்கள். ஐந்து, பத்து ராண்டு அன்பளிப்பாகக் கொடுப்பது இங்குள்ள வழக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியை விட்டு அகலாதீர்கள். கைப்பை, கைபேசி எதையும் இருக்கையில் விட்டுவைக்காதீர்கள். குழந்தையை ஒரு நிமிடமும் தனியே வண்டிக்குள் விடாதீர்கள்.

ஹாரிஸ்மித்தைத் தாண்டியதும் வான் ரீனன் கணவாய். ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் முடிந்து குவாசூலு நட்டால் தொடங்கும் இடம் அது. இங்கிருந்து பாதை இறங்கத் தொடங்கும். கனரக லாரிகள் இடப்பக்கம் மெல்ல ஊர்ந்து இறங்கும். ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் லாரிகளும் உண்டு. இந்த அரை மணி நேரம் ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால், தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையேயுள்ள குழாய் திறந்து சமன்செய்யாவிட்டால் காது அடைத்து வலிக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்கிறோம். சொல்லத் தெரியாத குழந்தை அழும். ஆகவே இறக்கம் தொடங்கும்போதே பால் புட்டியையோ தண்ணீர்க் குவளையையோ கையில் கொடுத்து விழுங்க வையுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன் ஹில்டனிலிருந்து இறங்கும் டவுன் ஹில் என்ற செங்குத்தான சரிவிலும் இதையே செய்ய வேண்டும்.

பன்னிரண்டு மணியளவில் மூயி ரிவர் பக்கம் மதிய உணவு. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவோம். தயிர்ச்சாதத்துக்கு வீட்டுத் தயிரை எடுத்துப் போனால் வெயிலில் புளித்துவிடும். இங்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும் ‘அமாசி’ என்ற கெட்டியான புளித்த பாலை வழியில் வாங்கிச் சோற்றில் கலந்தால், நம் தயிர்ச்சாதத்துக்கு மிக அருகில் வரும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதில்தான் வளர்ந்தார்கள். வளைவான சாலைக்கு முன் எண்ணெய்ப் பண்டமும் சாக்லேட்டும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு ஒரு மாற்று உடையும் இரண்டு பிளாஸ்டிக் பையும் ஈரத்துணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால், மூயி ரிவரில் நிற்பதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் தள்ளி ஹோவிக் அருகே, 1962 ஆகஸ்ட் 5 அன்று நெல்சன் மண்டேலா கைதுசெய்யப்பட்ட இடத்தில் நிற்கலாம். அங்கே நிறுத்தியுள்ள 50 எஃகுத் தூண்கள், குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் அவருடைய முகமாகச் சேரும். நடந்துகொண்டே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு; பெரியவர்களுக்குக் கால் நீட்ட நல்ல நடை. 

சாப்பாடு முடிந்து புறப்பட்டால் பிள்ளைகள் தாமாகத் தூங்கிவிடுவார்கள். அந்தத் தூக்கத்தைக் கலைக்காமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைக் கடந்துவிடுங்கள். டர்பன் எல்லையில் என்2 சாலையில் தெற்கே திரும்பி, ஹிகின்சன் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சாட்ஸ்வொர்த். கடைசிப் பெட்ரோல் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று, பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, சட்டை மாற்றி, கொஞ்சம் வாழைப்பழம் கொடுத்த பிறகே வீட்டுக்குப் போங்கள். நான் சொல்வதில் வேறெதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சுங்கச்சாவடிகள் டி ஹூக், வில்ஜ், டுகேலா, மூயி, மரியன்ஹில் என்று ஐந்து வரும். காருக்கு ஒரு வழிக்கு 300 ராண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் கட்டணம் உயரும். வங்கி அட்டையோடு கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். வண்டி பழுதானாலோ விபத்தைக் கண்டாலோ என்3 சாலை உதவி எண் 0800 63 43 57, எந்நேரமும் எடுப்பார்கள். கைபேசியிலிருந்து பொது அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 10177, காவல்துறை 10111. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடி அருகே ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் கைபேசியில் தேட முடியாது.

விமானமும் பேருந்தும்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை மட்டும் இருந்தால் விமானம் எளிது. பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் வரலாம். ஆனால் கிங் ஷாகா விமான நிலையம் நகரின் வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்து உறவினருக்கு அருகாகவும், சாட்ஸ்வொர்த்துக்குத் தொலைவாகவும் இருக்கும். அழைத்துப்போக வருபவரின் காருக்கும் கார் சீட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இரவுப் பேருந்தைச் சிறு குழந்தையோடு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசலில் முதல் ஒரு மணி நேரம்

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தூக்குவார்கள். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது வெள்ளம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் இரவு ஒரு புகைப்படத்தைக் காட்டி, இவர் ஆயா, இவர் தாத்தா, இவர் பெரியம்மா என்று முறையோடு சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் காணொளியில் பேச வையுங்கள். வாசலில் முதலில் வீட்டின் மூத்தவரிடம் நீங்கள் போய்க் காலைத் தொட்டுக் கும்பிடுங்கள், குழந்தை உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். அம்மா ஒருவரிடம் நெருங்கிப் பேசுவதைப் பார்த்த பிறகே குழந்தை அவரை நம்பும். கணவர் வழியாகவோ மனைவி வழியாகவோ ஒருவர் முன்கூட்டியே “ஆயா, புள்ள கொஞ்ச நேரம் பாக்கட்டும், அப்புறம் தானா வரும்” என்று சொல்லிவைத்தால் பெரியவர்கள் வருந்த மாட்டார்கள். எங்கள் இரண்டாவது பிள்ளை அப்படித்தான் இருபது நிமிடம் என் தோளில் முகம் புதைத்திருந்துவிட்டு, ஆயா கையிலிருந்த முறுக்குக்காக இறங்கிப் போனான்.

பெரியவர்களை உறவுமுறை சொல்லி அழையுங்கள். கோவெண்டர், மூட்லி, பிள்ளை, படையாச்சி, நாயுடு என்ற பெயர்களை இங்கே பார்க்கும் புதியவர்கள் சாதியைக் கிளறிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கவுண்டரும் முதலியும் பதிவேடுகளில் அப்படித் திரிந்து இங்கே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன, அவ்வளவே. அந்தப் பேச்சைப் பிள்ளைகள் முன்னால் எடுக்க வேண்டாம். இளையோர் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் பழைய தமிழ் இருக்கும், அதுவும் பேச ஆளில்லாமல் உள்ளே கிடக்கும். உங்கள் பிள்ளைக்குத் தமிழ் வருமானால் அவர்களிடம் தமிழிலேயே பேச விடுங்கள். தவறாகப் பேசினாலும் திருத்தாதீர்கள். என் மகள் “ஆயா, தண்ணி வேணும்” என்று முதன்முறை கேட்டபோது, அவர் தண்ணீர் கொண்டுவருவதற்கு முன் அவளை மறுபடியும் அதையே சொல்லச் சொன்னார்.

அந்த வீட்டில் கவனிக்க வேண்டியவை

சாட்ஸ்வொர்த் குன்றுகளின்மேல் கட்டப்பட்டது. வீட்டு முற்றத்திலிருந்து தெருவுக்குச் செங்குத்தான படிக்கட்டு இருக்கும். பல படிகளுக்குக் கைப்பிடியும் இருக்காது. போன முதல் நாளே பிள்ளையோடு ஏறி இறங்கிப் பார்த்து, எங்கே தனியாகப் போகக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.

வேம்பு எளிதில் கிடைக்காத இந்த நாட்டில், மாரியம்மன் வழிபாட்டுக்குச் சிரிங்கா மரத்தின் இலையைப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. இலை பார்வைக்கு வேப்பிலை போலவே இருக்கும். ஆனால் அதன் பழம் நச்சுள்ளது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த மரத்தில் மஞ்சள் மணிகளாய்த் தொங்கி, முற்றமெங்கும் உதிரும். வேப்பம்பழம் என்று நினைத்து நாமே சும்மா இருந்துவிடுவோம். தவழும் குழந்தையை விடுவதற்கு முன் தரையைப் பெருக்கிவிடுங்கள். வாயில் போட்டுவிட்டது தெரிந்தால் மீந்த பழத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஆர். கே. கான் அரசு மருத்துவமனை உள்ளது.

குரங்குகளும் உண்டு. திறந்த சன்னல் வழியாக வந்து மேசையிலிருக்கும் வாழைப்பழத்தையும் ரொட்டியையும் தூக்கிப் போகும். பிள்ளை கையில் பழத்தோடு முற்றத்தில் நிற்கக் கூடாது. குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்கவோ பல்லைக் காட்டவோ கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். காவல் நாய் இருந்தால், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாதபோது அதை நெருங்க விடாதீர்கள்.

சாப்பாட்டில் டர்பன் காரம் தனி. மசாலாத்தூள் செக்கச்செவேலென்று இருக்கும். ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு துளி நக்கினாலும் சிறு பிள்ளை துடித்துவிடும். பருப்பும் சோறும் எல்லா வீட்டிலும் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி ஊட்டுங்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றித் தரும் ‘பன்னி சௌ’வைப் பிள்ளைக்கு வாங்கினால் பீன்ஸ் குழம்பு நிரப்பியதாக, காரம் குறைத்துக் கேளுங்கள். ஆயா ஆசையாக ஊட்டும்போது தடுக்காதீர்கள். முன்பே காரமில்லாத கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும்.

வெளியே அழைத்துப்போவது

நாளுக்கு ஓரிடம் போதும், அதுவும் காலையில். 1849இல் தொடங்கப்பட்ட டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தாத்தா பாட்டிகள் உட்கார நிழலும், பிள்ளைகள் ஓடப் புல்வெளியும் உண்டு. சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே 1985இல் கட்டி முடித்த இஸ்கான் கோயிலைச் சுற்றி நீர்நிலையும் தோட்டமும் இருக்கின்றன. கடலுக்குப் போனால் உயிர்காப்பாளர்கள் நிற்கும், கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் இறங்குங்கள். பெருமழைக்குப் பிந்தைய நாட்களில் ஆறுகள் கழிவைக் கடலில் கொண்டுவந்து சேர்ப்பதால், மாநகராட்சியின் நீர்த்தர அறிவிப்பைப் பார்த்த பிறகே குழந்தைகளைத் தண்ணீரில் விடுங்கள். நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், ஒரு நாள் முழுவதும் எங்கும் போகாமல் அவரோடு வீட்டிலேயே இருங்கள். நாம் போனதே அவர்களைப் பார்க்கத்தான்.

திரும்பும் நாள்

திரும்பும்போது பாதை ஏற்றம். வண்டி அதிக எரிபொருள் குடிக்கும், லாரிகள் இன்னும் மெதுவாகப் போகும், எனவே அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். முந்தைய இரவே பெட்டிகளை ஏற்றிவிட்டால் காலை பரபரப்பில்லை. மாங்காய் ஊறுகாய், மசாலாத்தூள், கொல்லையில் காய்த்த பப்பாளி என்று வண்டி நிறையக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அதற்காகப் பின்பெட்டியில் கால்பங்கு இடத்தைக் காலியாக விட்டுவைத்தே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். ஊறுகாய்ப் புட்டியை இரண்டு பைகளில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள், வான் ரீனன் வளைவுகளில் எண்ணெய் வழியும். ஹாரிஸ்மித்தில் நிற்கும்போது ஒரு தடவையும், வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு தடவையும் பிள்ளையின் குரலிலேயே ஆயாவுக்குச் சொல்ல வையுங்கள், அந்த இரண்டாவது அழைப்பு வரும்வரை அங்கே யாரும் படுக்கப் போக மாட்டார்கள்.